எல்லைக் கோடும் அறிவின் நேர்மையும்

ஓர் ஆற்றங்கரையில் வரிசையாக அமைந்த பத்தொன்பது இடங்களில் ஒரே வகைச் செடி வளர்கின்றது எனக் கொள்வோம். அச்செடியின் பரம்பரையலகு ஒன்றின் குறித்த வடிவம் முதலாம் இடத்தில் நூற்றுக்கு 5 பங்கும், இரண்டாம் இடத்தில் 10 பங்கும் என ஐந்தைந்தாக உயர்ந்து, இறுதி இடத்தில் 95 பங்காகக் காணப்படுகின்றது. மாணவன் ஒருவன் முதல் மூன்று இடங்களிலும் இறுதி மூன்று இடங்களிலும் மட்டும் இலைகளைக் கொய்து வந்து ஆராய்வானாயின், 5, 10, 15 என ஒரு கூட்டமும் 85, 90, 95 என மற்றொரு கூட்டமும் அவன் கண்முன் நிற்கும். 'இவை இரண்டும் வெவ்வேறு கூட்டங்கள். இடையே ஏதோவொரு தடை உண்டு' என அவன் எழுதுவான். பத்தொன்பது இடங்களுக்கும் சென்று வந்த மற்றொரு மாணவனோ எந்த இரு அயலிடங்களுக்கு இடையிலும் ஐந்து பங்கிற்கு மேற்பட்ட வேறுபாட்டைக் காணமாட்டான். அவனுடைய தாளில் கோடு கீறுவதற்கு இடமே இராது. இருவரும் பொய் சொல்லவில்லை. இருவர் அளந்தவையும் சரியானவையே. ஆயினும் ஒருவன் இல்லாத எல்லையொன்றை உலகிற்கு அளித்துவிட்டான்.

இத்தவறு வெறும் கணக்குத் தவறா, அன்றி அறத்தோடு தொடர்புடைய தவறா? அறத்தோடு தொடர்புடையதாயின், அதனைத் தவிர்க்கும் பொறுப்பு ஆராய்பவனுக்கு மட்டும் உரியதா, அவனுக்கு அக்கலையைக் கற்பித்தவருக்கும் உரியதா? இவ்வினாக்களை நிலத்தோற்றப் பிறப்புரிமையியல் என்னும் இளந்துறையை முன்வைத்துச் சிந்திப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இத்துறைக்கு இப்பெயரை வழங்கி அதன் எல்லைகளை வகுத்த கட்டுரை 2003ஆம் ஆண்டில் ஸ்ரெபனி மனெல் முதலிய நால்வரால் வெளியிடப்பட்டது. மலை, ஆறு, காடு, வயல், நெடுஞ்சாலை ஆகியன உயிரினங்களின் பரம்பரையலகுப் பாய்ச்சலை எங்ஙனம் வழிநடத்துகின்றன, எங்ஙனம் தடுக்கின்றன என்பதை இது ஆராய்கின்றது. பரம்பரையலகுப் பாய்ச்சல் என்பது வெறும் இடப்பெயர்வு அன்று. ஓர் உயிர் சென்ற இடத்தில் இனம்பெருக்கித் தன் சந்ததியை அங்கே விட்டுச் செல்லும்போதே பாய்ச்சல் நிகழ்கின்றது. இவ்வேறுபாடு சிறிதெனத் தோன்றினும் பின்னர் நமக்கு வேண்டப்படும்.

இத்துறையைக் கற்பிப்போர் முதலில் எதிர்கொள்ளும் இடர் இடஞ்சார் தன்னிணைவு என்பதாகும். அயலிலுள்ளவை தம்முள் ஒத்திருக்கும் இயல்பையே இத்தொடர் குறிக்கின்றது. டெற்றோயிற் நகரின் வளர்ச்சி பற்றி 1970இல் எழுதிய கட்டுரையில் வால்டோ ரோப்ளர் இதனைப் புவியியலின் முதல் விதி எனக் கூறினார்: எல்லாப் பொருள்களும் ஒன்றோடொன்று தொடர்புடையன, ஆயினும் சேய்மையிலுள்ளவற்றிலும் அண்மையிலுள்ளவை மிகுந்த தொடர்புடையன. அவருக்கு இருபது ஆண்டுகள் முன்னரே, 1950இல், பற்றிக் மொறான் இவ்வியல்பை அளப்பதற்கு ஒரு சுட்டெண்ணை அமைத்துத் தந்திருந்தார். அயலவை ஒத்திருப்பின் அச்சுட்டெண் நேராகும்; ஒழுங்கின்றிச் சிதறியிருப்பின் பூச்சியத்தை அண்மிக்கும்; சதுரங்கப் பலகைபோல் மாறிமாறி அமைந்திருப்பின் மறையாகும்.

உயிரினங்களிடத்தே இவ்வொப்புமை ஏன் தோன்றுகின்றது என்பதைச் சீவல் றைற் 1943இல் விளக்கினார். விதை தாய்மரத்தின் அருகில் விழுகின்றது. குட்டி தாயின் வாழிடத்தை அடுத்துத் தனக்கோர் இடம் தேடுகின்றது. ஆதலால் அயலிலுள்ளோர் அண்மைக்கால மூதாதையரைப் பகிர்ந்துகொள்கின்றனர். தொலைவு கூடக்கூட அப்பகிர்வு குறைகின்றது. இங்கு மதிலும் இல்லை, மலையும் இல்லை. காலடித் தூரத்தின் சிறுமை ஒன்றே வேறுபாட்டை விளைவிக்கின்றது. இதனைத் தொலைவால் விளையும் தனிமை என்பர்.

இதிலிருந்து பெறப்படும் தத்துவ உண்மை ஆழ்ந்து நோக்கற்பாலது. புள்ளியியலில் 'ஒன்றுமில்லை' என்னும் கருதுகோளை முதலில் வைத்து, அதனை மறுப்பதற்குச் சான்று தேடுகின்றோம். அந்த 'ஒன்றுமில்லை' என்பதை ஒழுங்கற்ற சிதறல் எனப் பொருள்கொள்வது நமது வழக்கம். ஆனால் உயிருலகில் தடை ஏதும் இல்லாத நிலையே ஓர் ஒழுங்கோடு கூடியதாக உள்ளது. அவ்வொழுங்கை அறியாதவன் அதனைக் காணும் இடந்தோறும் ஒரு காரணத்தைக் கற்பிப்பான். காரணம் கிடையாவிடத்து ஒரு தடையைக் கற்பிப்பான்.

இவ்விடர் சான்று என்பதன் இயல்போடும் தொடர்புடையது. 1888இல் இலண்டன் மானிடவியற் கழகத்தில் எட்வேட் ரைலர் முந்நூற்றுக்கு மேற்பட்ட மக்கட் கூட்டங்களின் திருமண வழக்கங்களையும் வழியுரிமை வழக்கங்களையும் ஒப்பிட்டு ஒரு கட்டுரை படித்தார். அவையிலிருந்த பிரான்சிஸ் கோல்ற்றன் எழுப்பிய ஐயம் இன்றும் அவர் பெயராலேயே வழங்குகின்றது. இக்கூட்டங்களில் எத்தனை தாமாகவே அவ்வழக்கத்தை அடைந்தன? எத்தனை அயலாரிடமிருந்து பெற்றன? ஒருவரிடம் கேட்ட செய்தியைப் பத்துப்பேர் வந்து சொன்னால் அவர்கள் பத்துச் சாட்சிகள் ஆகார். இடஞ்சார் தன்னிணைவைக் கருதாது நூறு மாதிரிகளை நூறு சாட்சிகளாக எண்ணுபவன், உண்மையில் ஏழெட்டுச் சாட்சிகளை வைத்துக்கொண்டு தீர்ப்புக் கூறுபவன் ஆகலாம். குற்றவாளிக் கூண்டில் நிற்பவருக்கு இது கணக்குத் தவறு மட்டும் அன்று.

இங்கு ஒன்றை மறைத்தல் தகாது. இத்துணைக் கூரிய வினாவை எழுப்பிய கோல்ற்றனே, மனிதரைப் பிறப்பால் தரம் பிரித்து 'உயர்ந்தோர்' பெருகவும் 'தாழ்ந்தோர்' குறையவும் வழி தேடிய யூஜெனிக்ஸ் கோட்பாட்டிற்கு 1883இல் பெயரிட்டவர். பிறர் கீறிய கோட்டை ஐயுறத் தெரிந்தவர் தாம் கீறிய கோட்டை ஐயுறவில்லை. முறையறிவு மட்டும் நேர்மையாகாது என்பதற்கு இதனினும் சிறந்த உதாரணம் வேண்டியதில்லை.

மனிதக் குடித்தொகைகளின் ஆய்வு இதே பாடத்தைப் பலமுறை புகட்டியுள்ளது. மனிதரிடையே தனித்த இனப்பிரிவுகள் இல்லை, படிப்படியான சரிவுகளே உள்ளன என்னும் கருத்தைப் பிராங் லிவிங்ஸ்ரன் 1962இல் முன்வைத்தார். மனித வேறுபாட்டில் ஏறத்தாழ 85 சதவீதம் ஒரே குடித்தொகைக்குள்ளேயே அடங்குகின்றது என்றும், பேரினங்கள் எனப்பட்டவற்றிடையே 6 சதவீதமளவே உள்ளது என்றும் 1972இல் றிச்சர்ட் லெவொன்ரின் கணக்கிட்டார். 2002இல் நோவா றோசன்பேக் குழுவினர் 52 குடித்தொகைகளைச் சேர்ந்த 1056 பேரின் பரம்பரையலகுக் குறிகளைக் கணினி முறையொன்றால் வகுத்தபோது, ஐந்து கூட்டங்கள் வேண்டும் எனக் கேட்டவிடத்து அவை பெரும்பாலும் கண்டங்களோடு ஒத்துவந்தன. 2004இல் டேவிட் சேரும் ஸ்வாந்தே பேபோவும், மாதிரிகளை நிலப்பரப்பெங்கும் பரவலாக எடுப்பின் கண்டங்களிடையே கூரிய பிளவுகளைவிடச் சரிவுகளே தோன்றுகின்றன என வாதிட்டனர். றோசன்பேக் குழுவினர் 2005இல் விடையிறுத்தனர்: மிகுதியான தரவுகளைக் கொண்டு நோக்குமிடத்து, சரிவோடு கூடவே கடல், பெருமலை, பாலைநிலம் ஆகியவற்றைக் கடக்குமிடங்களில் சிறிய தாவல்களும் உள்ளன.

இவ்விவாதத்தில் வென்றவர் யார் என்பதைவிட, அது நடந்த விதமே மாணவருக்குப் பயன் தருவதாகும். இத்தகைய கணினி முறையிடம் எத்தனை கூட்டங்கள் எனக் கேட்கின்றோமோ அத்தனை கூட்டங்களை அது தரும். கேட்ட எண்ணிக்கையை மறந்து விடையை மட்டும் ஏட்டில் எழுதுவோமாயின், நமது கேள்வியையே இயற்கையின் விடையாக எடுத்துக்கொண்டவர் ஆவோம்.

இதனினும் நுண்ணிய வேறோர் உதாரணம் உண்டு. 1978இல் கவல்லி ஸ்ஃபோர்சாவும் அவர்தம் உடனாய்வாளரும் ஐரோப்பாவின் பரம்பரையலகு வேறுபாடுகளைச் சுருக்கி நிறச்சாயல் ஏறும் படங்களாக வெளியிட்டனர். தென்கிழக்கிலிருந்து வடமேற்காக விரியும் சாயலை, மேற்காசியாவிலிருந்து உழவர் பரவிய தடமாக அவர்கள் கண்டனர். முப்பது ஆண்டுகளின் பின், 2008இல், ஜோன் நோவெம்பிரேயும் மத்தியூ ஸ்ரீபன்சும் அத்தகைய சரிவுகளும் அலைகளும் எந்தப் பெரும் இடப்பெயர்வும் இன்றி, இடஞ்சார் தன்னிணைவு ஒன்றினாலேயே கணித முறைப்படி எழக்கூடும் எனக் காட்டினர். உழவர் மேற்காசியாவிலிருந்து பரவினர் என்பதோ பிற்காலத்தில் பழைய எலும்புகளிலிருந்து பெற்ற சான்றுகளால் வலுப்பெற்றது. முடிவு உண்மையாக இருந்தமையால் அதற்குக் காட்டிய காரணம் போதியதாகிவிடாது. சரியான விடையைப் போதாத காரணத்தால் அடைந்த மாணவனுக்கு முழுப் புள்ளி வழங்கும் ஆசிரியர், நாளை அவன் அதே காரணத்தால் பிழையான விடையை அடைவதற்குத் துணைபோகின்றார்.

கோடுகள் தாளோடு நின்றுவிடுவனவாயின் இவற்றைப் பற்றி இவ்வளவு கவலை வேண்டாம். கோடு சட்டமாகும்போது உயிர்கள் அதன் விலையைச் செலுத்துகின்றன. அமெரிக்காவின் புளோரிடாவில், உவர்ச் சேற்றுநிலங்களில் வாழ்ந்த ஒரு கருநிறக் கடலோரக் குருவி தனி உபஇனமாகக் கருதப்பட்டது. நுளம்பை ஒழிக்க நிலத்தை நீரில் ஆழ்த்தியமையும் நச்சுமருந்து தெளித்தமையும் அதன் வாழிடத்தை அழித்தன. இறுதியில் ஆண் குருவிகள் சிலவே எஞ்சின. அவற்றை வேறோர் உபஇனத்துப் பேடுகளோடு கூட்டிச் சந்ததியைக் காக்க முயன்றபோது, கலப்புயிர்களுக்குச் சட்டப் பாதுகாப்பு இல்லை என அரசுத் துறை கைவிரித்தது. கடைசிக் குருவி 1987இல் இறந்தது. ஈராண்டின் பின், 1989இல், ஜோன் அவிசும் வில்லியம் நெல்சனும் அதன் இழைமணி டீ.என்.ஏ.யை ஆராய்ந்து, அது அத்திலாந்திக் கரையின் ஏனைய குருவிகளிலிருந்து ஏறக்குறைய வேறுபடவில்லை எனக் கண்டனர். உண்மையான பிளவு அத்திலாந்திக் கரைக் குருவிகளுக்கும் மெக்சிக்கோ வளைகுடாக் கரைக் குருவிகளுக்கும் இடையே இருந்தது. கலப்பிற்கெனத் தெரிந்தெடுத்த பேடுகளோ வளைகுடாக் கரையைச் சேர்ந்தவை! இல்லாத எல்லையொன்று காக்கப்பட்டது. இருந்த எல்லையொன்று காணப்படாது போயிற்று.

அதே மாநிலத்தில் பூமா என்னும் பெரும்பூனை வேறொரு முடிவைக் கண்டது. முன்னொரு காலத்தில் தென்கிழக்கு அமெரிக்கா எங்கும் தொடர்ச்சியாக வாழ்ந்த அவ்வினம் வேட்டையாலும் காடழிப்பாலும் துண்டிக்கப்பட்டு, 1990களின் தொடக்கத்தில் புளோரிடாவின் தென்கோடியில் இருபது முப்பது விலங்குகளாகச் சுருங்கியது. நெருங்கிய உறவினுள் இனம்பெருக்கியதால் மடிந்த வாலும், இதயக் குறைபாடும், ஆண்மைக் குறைபாடும் பெருகின. வெளியிலிருந்து பூமாக்களைக் கொணரின் புளோரிடாப் பூமாவின் 'தூய்மை' கெடும் என அஞ்சியோரும் இருந்தனர். ஆயினும் 1995இல் ரெக்சாசிலிருந்து எட்டுப் பெண் பூமாக்கள் கொண்டுவந்து விடப்பட்டன. அவற்றுள் ஐந்து குட்டிகளை ஈன்றன. அடுத்த பதினைந்து ஆண்டுகளுக்குள் அங்கிருந்த பூமாக்களின் தொகை மூன்று மடங்காயிற்று, குறைபாடுகளும் குறைந்தன. அங்கே செய்யப்பட்டது புதிதாக ஒன்றைக் கலந்தது அன்று. மனிதர் தடுத்துவிட்ட பழைய பாய்ச்சலை மீட்டதே எனல் பொருந்தும்.

இவற்றிலிருந்து 'எல்லைகள் யாவும் பொய்' என்னும் முடிவிற்குத் தாவுவது எளிது. அதுவும் நேர்மையற்ற முடிவேயாகும். தென் கலிபோர்ணியாவில் 101ஆம் இலக்க நெடுஞ்சாலையின் இருமருங்கிலும் வாழும் காட்டுப்பூனைகளையும் கொயோட்டி எனப்படும் சிறு ஓநாய்களையும் பற்றிச் சேத் றைலி குழுவினர் 2006இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். ஏழாண்டுக் காலத்தில் ஆராயப்பட்ட விலங்குகளில் 5 முதல் 32 சதவீதம்வரை சாலையைக் கடந்திருந்தன. ஆயினும் இருமருங்கும் பரம்பரையலகு வகையில் வேறுபட்டே இருந்தன. காரணம் யாது? சாலையோரமெங்கும் முன்னரே குடிகொண்ட விலங்குகள் தம் ஆள்புலங்களை நெருக்கமாக அமைத்திருந்தன. கடந்து வந்தவற்றிற்கு அங்கே இடமும் துணையும் வாய்ப்பது அரிதாயிற்று. கடத்தல் வேறு, கலத்தல் வேறு. சீமெந்தாலான தடையோடு, உயிர்கள் தமக்குள் எழுப்பிய தடையும் அங்கே இருந்தது. இத்தகைய இடத்தில் 'எல்லாம் தொலைவின் விளைவே' எனக் கூறுபவன், இல்லாத கோட்டைக் கீறியவனைப் போலவே உண்மையை மறைக்கின்றான். விலங்குகளுக்கு வேண்டிய மேம்பாலத்தையும் மறுக்கின்றான்.

இங்கே எதிர்வாதம் ஒன்று எழலாம். சட்டமும் பாதுகாப்பும் பெயரிடப்பட்ட அலகுகளையே நாடுகின்றன. கோடுகளை ஐயத்திற்கு உட்படுத்தின், காட்டை அழிக்க விரும்புவோர் 'இது தனி இனமே அன்று' எனச் சொல்லித் தப்பிவிடுவரன்றோ? இது தள்ளற்குரிய வாதம் அன்று. ஆயினும் சரிவு என்பது வேறுபாடின்மை ஆகாது. நமது ஆற்றங்கரையின் முதலிடமும் இறுதியிடமும் மெய்யாகவே வேறுபட்டவை. நடுவே கோடு இல்லை என்பதால் ஓரங்கள் ஒன்றாகிவிடா. மாலை எக்கணத்தில் இரவாயிற்று என்று சொல்ல இயலாமையால் பகலும் இரவும் ஒன்றென எவரும் கூறுவதில்லை. பாதுகாப்பைத் தூய்மையின்மேல் கட்டியமையே பிழை. வேறுபாட்டின்மேலும் தொடர்ச்சியின்மேலும் கட்டுவோமாயின் கோடு அழிந்தாலும் அக்கட்டடம் அழியாது.

ஆகவே கற்பிப்போர் கடமை யாது? எளிய வழி, கூட்டங்களைக் கண்டுபிடிக்கும் கணினி முறையை முதல் நாளிலேயே மாணவர் கையில் கொடுத்து, நிறம் பூசிய படங்களைக் காட்டி மகிழ்விப்பதாகும். தன்னிணைவைப் பற்றிய எச்சரிக்கை கடைசி வாரத்தில், நேரமிருப்பின், ஓர் அடிக்குறிப்பாக வரும். அதற்குள் மாணவனின் கண் பழகிவிடுகின்றது. அவன் எங்கும் கூட்டங்களையே காண்கின்றான். தொலைவால் விளையும் தனிமையைக் கருதாவிடத்து, கூட்டம் பிரிக்கும் முறைகள் இல்லாத கூட்டங்களைக் காட்டக்கூடும் என்பதையும், அதேபோல் மெய்யான கூட்டங்கள் தொலைவின் விளைவெனத் தோன்றக்கூடும் என்பதையும் பற்றிக் மெயர்மன்ஸ் 2012இல் விளக்கினார். நோய்கள் ஓரிடத்திலும் ஒரே காலத்திலும் திரள்வதை ஆராய 1967இல் நேதன் மன்ரெல் அமைத்த சோதனையிலிருந்து பின்னர் கிளைத்த ஒரு வடிவம், தன்னிணைவு உள்ளவிடத்து இல்லாத தொடர்பை உண்டெனக் காட்டும் வாய்ப்பு அளவுக்கு மீறியது எனக் கில்லோவும் றூசேயும் 2013இல் எச்சரித்தனர். அதுவோ இத்துறையிலே பல்லாண்டுகளாகப் பெரிதும் கையாளப்பட்டு வந்த கருவி. கருவிகளின் குறையை ஆசிரியர் அறிந்தும் பிற்போடுவாராயின் அது மறதி ஆகாது.

கற்பித்தலின் ஒழுங்குமுறையே இங்கு அறமாகின்றது. முதலில் தொலைவு ஒன்றே என்ன செய்யும் என்பதை மாணவன் தன் கையால் கணக்கிடட்டும். அடுத்து, மாதிரிகளை எங்கிருந்து எடுத்தோம், எங்கிருந்து எடுக்கவில்லை என்பதைப் படத்தில் குறிக்கட்டும். அதன் பின்னரும் தொலைவால் விளக்க இயலாத ஒரு தாவல் எஞ்சுமாயின் அங்கே அவன் கோடு கீறட்டும். கீறியதற்கான காரணத்தையும் அருகே எழுதட்டும். எல்லை உண்டு என்பவன்மேலேயே அதனை நிறுவும் சுமை சாரும். 1993இல் பியர் லெஜாந்திர் தம் கட்டுரைக்கு, இடஞ்சார் தன்னிணைவு இடையூறா, புதிய நோக்கா என்னும் பொருள்பட ஒரு தலைப்பை இட்டார். அவ்வினாவைக் கேட்கப் பழகிய மாணவன் தன்னிணைவைத் துடைத்தெறிய வேண்டிய அழுக்காகக் கருதான். உயிர்கள் ஒன்றையொன்று அடுத்து வாழ்ந்த வரலாறே அது என உணர்வான்.

தமிழில் இதனைக் கற்போருக்கு மேலும் ஒரு பொறுப்பு உண்டு. உயிரியலில் கூறப்படும் உயிர்வகையும் 'இனம்'. அரசியலில் பேசப்படும் மக்கட் கூட்டமும் 'இனம்'. ஒரே சொல் இரு வகுப்பறைகளிலும் நடமாடுகின்றது. ஒன்றில் கற்ற கூர்மையான பிரிவை மற்றொன்றிற்குத் தன்னையறியாது எடுத்துச் செல்லும் மாணவனை அச்சொல்லே வழிதவறச் செய்யக்கூடும். இந்நாட்டில் அச்சொல்லின் பெயரால் நிகழ்ந்தவற்றை இங்கு விரித்துரைக்க வேண்டியதில்லை. நமது மரபிலேயே மாற்றுப் பார்வையொன்றும் உண்டு. நிலத்தையும் பொழுதையும் முதற்பொருளாக வைத்து வாழ்க்கையை ஐந்திணையாக வகுத்த தொல்காப்பியம், திணை மயக்கத்தையும் இலக்கணத்திற்குள்ளேயே இடங்கொடுத்து வைத்தது. வகுத்தவர்களே மயக்கத்தையும் ஏற்றனர்.

தொடக்கத்தில் எழுப்பிய வினாவிற்கு இனி விடை கூறலாம். ஆறு இடங்களில் மட்டும் இலை கொய்த மாணவன் கணக்கில் தவறவில்லை. தான் செல்லாத பதின்மூன்று இடங்களைப் பற்றி மௌனமாயிருந்ததே அவன் தவறு. அந்த மௌனத்தைக் குற்றமென்று அவனுக்கு உணர்த்தாதது அவனுடைய ஆசிரியரின் தவறு. இருவருள் மூத்தவருடைய தவறே பெரிது. வகுத்தறிதல் அறிவின் தொழில். அதனைக் கைவிட இயலாது. ஆயினும் கோடு கீறும் கை, கீறுமுன் ஒருகணம் தாழ்ந்து, இடையிலுள்ள ஊர்களுக்கு நான் சென்று வந்தேனா எனத் தன்னையே வினவ வேண்டும்.